மாப்பிள்ளை கட்டிக்கொண்ட ஜீப் படுதா

ஊசிப்பாறைப்பட்டிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. புத்திசாலிகள் என்றும் சொன்னதில்லை.

அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவன் சுருளி. நின்றுபோனால் இறங்கித் தள்ளுகிறவன் மொக்கராசு. தள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் ஒச்சப்பன், நால்வரில் மூத்தவர். நாலாமவன் பெருமாயன். அவனிடம் ஆறரை அடி உயரம் இருந்தது. வேறு தகுதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜீப்பின் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. மேலே போட்டிருந்த கித்தான் படுதாதான் இத்துப்போய், கொடியில் காயும் கிழிசல் வேட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதனால் பெருமாயனின் கல்யாணமே நின்றுபோனது. மலைமேல் இருக்கும் எலுமிச்சங்காட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது வழியில் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்துபோய் உட்கார்ந்தவன், பெண் காபியை நீட்டுகிற நேரம் பார்த்துப் போட்டான் ஒரு தும்மல். பெண்ணின் அப்பா குருவணன் சகுனத்துக்கு உயிரை விடுகிற ஆள். "எந்திரிங்க" என்று சொல்லிவிட்டார்.

பெண்ணின் அம்மா கெஞ்சிக் கூத்தாடியதில் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரட்டும். மாப்பிள்ளை மேல ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் இந்த ஜென்மத்துல என் மக வனராணி அவருக்கு இல்ல" என்று ஆள் அனுப்பினார் குருவணன்.

பெருமாயனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பாவம், அந்தப் பெண்மேல் அவனுக்கு உண்மையிலேயே ஆசை. அவள் முகத்தைக்கூட அவன் சரியாகப் பார்த்ததில்லை. தும்மும்போது கண் மூடிவிட்டது.

நாலு பேரும் போடிக்குப் போய், படுதா தைக்கிற மீராசா பாயிடம் புதுப் படுதா வாங்கிப் போட்டார்கள். தடித்த பச்சைத் துணி, இரட்டைத் தையல்.

"எத்தனை வருஷம் வரும் பாய்?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"பத்து வருஷம் அசையாது. ரெண்டே விஷயம்தான். மழை பெய்யுறப்ப உள்ள இருந்து துணியைத் தொடாதீங்க, தொட்ட எடத்துல ஒழுக ஆரம்பிச்சுரும். ஈரத்தோட மடிச்சுராதீங்க, பூசணம் புடிச்சு இத்துப்போகும்."

இந்த இரண்டையும் வீடு வந்து சேரும்வரை மூன்று பேரையும் மனப்பாடமாகச் சொல்ல வைத்தார் ஒச்சப்பன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. எல்லோரும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள்.

"அண்ணே, பெருமாயன் தலை துணியில படுது!" என்று அலறினான் மொக்கராசு.

சுருளி ஜீப்பை ஓரங்கட்டினான். ஆலோசனை நடந்தது.

"குனிஞ்சுக்கிறேன்" என்றான் பெருமாயன்.

"பொண்ணு பாக்கப் போறவன் தலை குனியலாமாடா?" என்றார் ஒச்சப்பன். கண்ணை மூடி யோசித்தார். "தலை உள்ள இருக்குறதாலதானே படுது? வெளிய இருந்தா உள்ள இருந்து எப்படித் தொடும்?"

மற்ற மூவரும் அசந்துபோனார்கள். பாதையில் விழும் கிளைகளை வெட்ட வைத்திருந்த அரிவாளால் படுதாவில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டு, பெருமாயனின் தலையை வெளியே எடுத்துவிட்டார்கள். நனையாமல் இருக்க, வெட்டிய துண்டை அந்தத் தலையிலேயே கட்டினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் ஓட்டையின் விளிம்பு கழுத்தில் உரசியது. அகலமாக வெட்டினார்கள். அதன் வழியாகத் தோளில் சாரல் அடித்தது. வெட்டிய துண்டைத் தோளில் சுற்றினார்கள். மடியில் மழை விழுந்தது. இன்னொரு துண்டு வெட்டினார்கள். வெட்ட வெட்ட மழை கூடிக்கொண்டே வந்தது.

"நல்லவேளை, படுதா பெருசா வாங்குனோம்" என்றான் சுருளி.

கடைசியில் ஜீப்பின் மேல் கம்பி வளைவுகள் மட்டும் மிச்சம் இருந்தன. படுதா முழுவதும் வாரும் பக்கிளுமாகப் பெருமாயன்மேல் இருந்தது. மூன்று பேர் தொப்பலாக நனைந்தார்கள். மாப்பிள்ளை காய்ந்த மிளகாய் மாதிரி உலர்ந்து உட்கார்ந்திருந்தான்.

திடீரென்று ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், ஈரத் துணிடா! இவன் இடுப்புல மடங்குது, முட்டியில மடங்குது, பூசணம் புடிச்சுரும்! எந்திரிடா!"

அப்புறம் பெருமாயன் எலுமிச்சங்காடு வரை நின்றுகொண்டே போனான். இரண்டு பலாமரக் கிளைகள் அவன் மண்டையை மயிரிழையில் தவறவிட்டன.

சரியாக நாலு மணி. குருவணன் வாசலுக்கே வந்து, துணிக்குள் கையை விட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, உக்காருங்க."

"முடியாது மாமா" என்றான் பெருமாயன்.

"பாத்தீங்களா, பெரியவங்க முன்னாடி உக்கார மாட்டேங்குறாரு" என்று பூரித்துப்போனாள் பெண்ணின் அம்மா.

வனராணி காபியோடு வந்தாள். அவன் கையை நீட்டவில்லை. கையை மடக்கினால் ஈரத் துணி மடங்கிவிடும் என்று விஷயத்தைச் சொன்னார்கள். அவள் ஆட்டுக்கல்மேல் ஏறி நின்று, காபியை ஆற்றி அவன் வாயில் ஊற்றினாள். இந்த முறை அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தான். தும்மவில்லை.

"இதைக் கழட்டிட்டு உக்காரலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டாள் வனராணி.

"கழட்டணும்னா கையை மடக்கணுமேம்மா" என்றார் ஒச்சப்பன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமால்ல" என்றாள்.

பத்துப் பொருத்தமும் இருப்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்து, பெருமாயன் கழுத்தில் பெரிய சம்பங்கி மாலையைப் போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து அனுப்பினார்கள்.

இனி அவன் நிச்சயமான மாப்பிள்ளை. நிற்க வைத்துக் கிளையில் இடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் மாலையோடு கம்பி வளைவுகளின்மேல் நீட்டிப் படுக்க வைத்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். மற்ற மூவரும் நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, குளிரில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

பாதி வழியில் எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. இவர்களைப் பார்த்ததும் நின்றது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

"எப்பண்ணே ஆச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் கண்டக்டர்.

"இன்னைக்குத்தான். சாயங்காலம் நாலு மணிக்கு" என்றார் ஒச்சப்பன்.

"நல்லாத்தானே இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தான். காபி குடிச்சான், குடிச்ச கையோட முடிஞ்சுருச்சு."

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், "இந்த வயசுலயா!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். முன்பின் தெரியாதவள் தன் கல்யாணத்துக்காக இப்படி உருகுவதைக் கேட்டுப் பெருமாயனின் மனசு இளகிவிட்டது.

"அழாதீங்கம்மா" என்றான் மேலேயிருந்து. "தை மாசம் வந்து நானே கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுல இருக்குற அம்புட்டுப் பேரும் வரணும்."

அந்த பஸ் அத்தனை வளைவுகளிலும் பின்பக்கமாகவே ஓடி, போடியில் போய்த்தான் நின்றது. கண்டக்டர் அதற்கு முன்பே ஓடிப் போய்ச் சேர்ந்திருந்தார்.

"பாத்தியாடா?" என்றார் ஒச்சப்பன் வருத்தத்தோடு. "பத்திரிகை வைக்காம வாயால கூப்பிட்டா, இப்பல்லாம் ஒருத்தரும் மதிக்கிறதில்ல."