கம்பளத்தில் விழுந்த ஒரே சொட்டு

முன்னொரு காலத்தில், பொய் சொன்னால் வாயில் புண் வரும் என்று அமைச்சர்கள்கூட நம்பிய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் ஒரு கம்பளம். இந்தக் கோடியில் கால் வைத்தவன் அந்தக் கோடி போய்ச் சேர நடுவில் ஒரு வேளைக் கட்டுச்சோறு வேண்டும். இது குறைத்துச் சொன்னது.

கம்பளத்தின் நடுவே ஒரு பிஞ்சுப் பாதச் சுவடு. ராஜாவின் ஒரே மகள் நல்லமங்கை, மூன்று வயதில், காலில் பூசிய செம்பஞ்சுக் குழம்பு காயும் முன்னே ஓடிவந்து பதித்தது. அவள் இப்போது தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வருகிறாள். கம்பளத்திலோ பதினைந்து வருஷத்து அழுக்கு. கழுவினால் சுவடு கரையும். கழுவாவிட்டால் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தும்மல் நிற்காது. இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்த ராஜா, மூன்றாம் நாள் ஆணையிட்டார்: அழுக்குப் போக வேண்டும், சுவடு போகக் கூடாது.

பிரதானி அடைக்கலநாதர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். சபை விதூஷகன் உலகளந்தான் (பெயர்தான் அப்படி, ஆள் பிரதானியின் இடுப்பு உயரம்) பேசினால் ராஜா சிரிப்பார், பிரதானி பேசினால் கொட்டாவி விடுவார். அது அவருக்கு ஆறாத புண்.

“அரசே, இப்பணிக்கு உலகளந்தானே தகுந்தவர். கம்பளத்தில் ஒரு சொட்டு நீரும் விழலாகாது. விழச் செய்தவர் எவராயினும் நாடு கடத்த உத்தரவிடுங்கள்.”

கவலையில் இருந்த ராஜா தலையாட்டிவிட்டார்.

உலகளந்தான் குனிந்து சுவட்டைப் பார்த்தான். நல்லமங்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு இதே கம்பளத்தில் முட்டி தேயக் குதிரையாக ஓடியவன் அவன். அவள் வரும்போது சுவடும் இல்லை, தானும் இல்லை என்றால்?

மறுநாள் மூன்று மூட்டைத் தவிடும் ஒரு செம்பு தண்ணீரும் கேட்டான். மாட்டுக்கா கம்பளத்துக்கா என்று சபை நமட்டுச் சிரிப்புச் சிரித்தது. அவன் ராஜாவின் சாப்பாட்டுத் தட்டை வாங்கிச் சுவட்டின்மேல் கவிழ்த்தான். தட்டு சும்மாதானே கிடந்தது. பிறகு வாசலில் உட்கார்ந்து, புட்டுக்கு மாவு பிசிறுவதுபோலத் தவிட்டில் தண்ணீர் தெளித்துப் பிசிறினான். பிடித்தால் பிடி, விட்டால் உதிரி. அதைக் கம்பளத்தில் பரப்பி, தேங்காய் நாரால் தேய்த்து, பூந்துடைப்பத்தால் கூட்டினான். பொன்னிறமாகப் போன தவிடு கரியாக வந்தது. கம்பளத்தில் நெய்திருந்த மயில்கள் இரண்டும் அகவின என்பார்கள். அது பொய்; ஒன்றுதான் அகவியது.

தவிட்டில் நீர் கலந்திருக்கிறது, ஆணை மீறப்பட்டது என்று பிரதானி முறையிட்டார்.

“கலந்தது உண்மை, பிரதானியாரே. ஆணை சொட்டைப் பற்றியது. இதிலிருந்து ஒரு சொட்டுப் பிழிந்து காட்டுங்கள், இப்போதே மூட்டை கட்டுகிறேன்.”

பிரதானி கம்பளத்தின்மேல் நின்று ஒரு பிடி தவிட்டைப் பிழிந்தார். இரண்டு கையாலும் பிழிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தார். சித்திரை மாதம் வேறு. தவிடு கசியவில்லை. அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை பொட்டென்று கம்பளத்தில் விழுந்தது.

பிரதானியின் முகம் வெளுத்ததைக் கண்டதும் உலகளந்தானுக்கே மனசு கேட்கவில்லை. அவருக்கும் வீடு வாசல் இருக்கிறதே.

“அரசே, மன்னித்துவிடுங்கள். பிரதானியார் அரண்மனை வேலையில் சிந்திய முதல் வியர்வை இது. இதற்கு நாடு கடத்தினால் இனி யார் உழைப்பார்கள்?”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு நாளில் முதல் சிரிப்பு. தானே குனிந்து தட்டை எடுத்தார். ஐந்து விரலும் அப்படியே இருந்தன. முத்துமாலையைக் கழற்றி உலகளந்தான் கழுத்தில் போட்டார். அது அவன் முழங்கால்வரை தொங்கியது. இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

“சுவட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழ இடத்தை யாரும் மிதிக்காமல் விட்டுவைக்க வேண்டும், அரசே. வரப்போகிற பிள்ளைக்கும் கால் இருக்குமல்லவா.”