மிஷின் மழை

திருப்பூரில் சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. முதலாளி நடந்து வந்தால் தைக்கிறவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் தொழிலகப் பொறியியல் படிக்கும் பவதாரிணி அங்கே பயிற்சிக்கு வந்தாள்.

"உற்பத்தி ஏன் குறையுதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லோணும். யாரையும் கேக்கக்கூடாது, கடிகாரத்தையும் எடுக்கக்கூடாது. இல்லீன்னா சான்றிதழ்ல கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் முதலாளி.

அவள் துணிமூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினாள். நூறு தையல் மிஷின்களும் தகரக்கூரையில் பெய்யும் மழையாகக் கேட்டன. பகல் முழுக்க அந்த மழையில் மிதந்தாள்.

சாயங்காலம் முதலாளி கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "போறப்ப வர்றப்பெல்லாம் பார்த்தேன். நல்லாத் தூங்குனியாம்மா?"

"தூங்கலீங்க சார், மிஷின் மழையைக் கேட்டேன். பதினொரு தடவை விட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் விட்டதும் உங்க ஷூ சத்தம் கேட்டுச்சுங்க. நீங்க போயி வெகுநேரம் கழிச்சுத்தான் மறுபடி பிடிச்சுது."

"பொய்!" முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். "நான் வந்தா வேலை நிக்குதா? சொல்லுங்க!"

நூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

பன்னிரண்டாவது தடவையாக மழை விட்டது. அந்த அமைதியில் முதலாளி சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.