குழல் தவலையும் பக்கத்து வீட்டுச் சாட்சியும்

மலையடிவாரத்தில் பனிச்சோலை என்று ஒரு நாடு. அந்த நாட்டுக்காரர்கள் ஒரு வேளை சோறில்லாமல்கூட இருந்துவிடுவார்கள், வெந்நீர் இல்லாமல் இருக்கமாட்டார்கள். விறகுக்கு வெட்டி வெட்டிக் காடு பாதி மொட்டையாகிவிட்டது. அரசர் மகிழ்மாறர் கவலைப்பட்டு ஒரு தண்டோரா போட்டார். நடுவில் குழல் வைத்த செப்புத் தவலை ஒன்று புதிதாக வந்திருக்கிறது, நாலு சுள்ளியில் தண்ணீர் கொதித்துவிடும், அதை வாங்குகிறவர்களுக்குப் பாதி விலையை அரண்மனை மானியமாகத் தரும் என்றார்.

ஊரே வாங்கியது. மானியம்தான் ஒருவருக்கும் வரவில்லை.

அரசர் கொடுக்கச் சொன்னதைப் பொக்கிஷ அதிகாரி தில்லைநாயகம் மறுப்பாரா? பெரிய மனிதர் அல்லவா, விதிகள் மட்டும் சேர்த்தார். பழைய அண்டாவை முதலில் உடைத்துவிட வேண்டும். அது உண்மைதான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை புதுத் தவலையின் வாயில் அரக்கு முத்திரை இருக்கும். முத்திரையைத் தொட்டால் மானியம் கிடையாது. அடுத்த வீட்டுக்காரனுக்குக் காசு வரட்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்து சாட்சி சொல்ல யாருக்கு மனம் வரும்?

மருத்துவச்சி பேச்சியம்மாள் ஒருநாள் சபைக்கு வந்தாள்.

"சாமி, காதுத் தண்டட்டியை அடகு வச்சுத் தவலை வாங்கினேன். பழசை உடைச்சாச்சு. புதுசுல முத்திரை, அதை உடைச்சா தண்டட்டியை மீட்க வழியில்லை. என் வீடு ஏரிக்கரையில ஒத்தையா நிக்குது. பக்கத்து வீட்டுக்கு நான் எங்கே போவேன்? குயவர் தெருப் பொண்ணுக்கு இன்னைக்கோ நாளைக்கோ வலி எடுத்துடும். வெந்நீர் வேணும்."

"விதி விதிதான்" என்றார் தில்லைநாயகம்.

அரசர் தாடியைத் தடவினார். "ஒருவருக்காக மாற்ற முடியாதே, அம்மா."

அரசவை விகடர் சடையாண்டிக்குக் கோபம் வந்தது. அவருடைய மகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவை பேச்சியம்மாளின் கைகள்தான். ஆனாலும் குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டார்: "பிரபு, இந்த விதி தங்களுக்கும் உண்டா?"

"எனக்கும்தான். சட்டம் எல்லோருக்கும் ஒன்று."

"அப்படியானால் நாளைக்குத் தங்கள் எண்ணெய்க் குளியல் என் பொறுப்பு."

மறுநாள் சனிக்கிழமை. தலை நிறைய நல்லெண்ணெயோடு அரசர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் கண்ணில் இறங்கியது. பனிக்காற்று முதுகைக் கிள்ளியது.

"சடையாண்டி, வெந்நீர் எங்கே?"

"புதுத் தவலை வாங்கி வைத்திருக்கிறேன், பிரபு. வாயில் முத்திரை இருக்கிறது, தண்ணீர் ஊற்ற முடியவில்லை."

"பழைய அண்டாவில் காய்ச்சேன்."

"விதிப்படி உடைத்துவிட்டேன்."

"சரி, சாட்சிக்கு மந்திரியைக் கூப்பிடு."

"மந்திரி தங்கள் ஊழியர். பக்கத்து வீட்டுக்காரர் ஆவாரா? அரசருக்கு அக்கம்பக்கம் என்றால் அரசர்கள்தான். வடக்கே மருதக்கோட்டை அரசருக்கும் தெற்கே கல்லாற்று அரசருக்கும் நேற்றே ஆள் அனுப்பிவிட்டேன்."

யாரையும் அனுப்பவில்லை என்பது சடையாண்டிக்கு மட்டும் தெரியும்.

அரசரின் பல் தந்தியடித்தது. "கல்லாற்றானா? போன மாதம்தானே அவனோடு சண்டை போட்டோம்?"

"அவருக்குத்தான் ரொம்ப சந்தோஷம். கட்டாயம் வருகிறாராம். எத்தனை யானை கொண்டுவரலாம் என்று கேட்டிருக்கிறார்."

"தில்லைநாயகம்! முத்திரையை உடையுங்கள்."

ஓடிவந்த தில்லைநாயகம் கையைப் பிசைந்தார். "உடைத்துவிடலாம், பிரபு. ஆனால் விதிப்படி தங்களுக்கு மானியம் கிடைக்காதே."

அரசர் எண்ணெய் வழியும் கண்ணால் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சடையாண்டியைப் பார்த்தார். ஏரிக்கரை வீடு ஞாபகம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"முதலில் அந்த அம்மாள் வீட்டு முத்திரையை நீங்களே போய் உடையுங்கள். தண்டட்டியை மீட்டு அவள் கையில் கொடுங்கள். ஊரில் எல்லோருக்கும் மானியத்தை இன்றே கொடுங்கள், சாட்சி வேண்டாம். அதற்குப் பிறகு என் முத்திரைக்கு வாருங்கள். அதுவரை இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்."

தொந்தி குலுங்கத் தில்லைநாயகம் ஓடிய ஓட்டத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை. அன்று மாலை குயவர் தெருவில் ஒரு பெண் குழந்தை இளஞ்சூட்டு வெந்நீரில் குளித்தது.

அரசர் தும்மித் தும்மிச் சிரித்தார். "சடையாண்டி, உனக்கு நூறு பொன் தரப்போகிறேன்."

சடையாண்டி பதறிப்போய்க் கைகூப்பினார். "பரிசாகவே கொடுங்கள், பிரபு. தயவுசெய்து மானியமாக மட்டும் அறிவித்துவிடாதீர்கள்."