மெழுகி வைத்த மல்லிகைப் பாத்தி

ராஜாவின் பெயரே மறந்துபோன ஒரு காலத்தில், உப்பு வணிகர்கள் வாழ்ந்த ஊரில் வடிவாம்பாள் என்றொரு சீமாட்டி இருந்தாள். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வீட்டு ஈகூடக் காலைக் கழுவிக்கொண்டுதான் உட்காரும் என்று ஊர் சொல்லும்.

மகளுக்கு அடுத்த சித்திரையில் கல்யாணம். மாலைக்குப் பூ என் தோட்டத்து மல்லிகைதான் என்று சம்பந்தி வீட்டில் பெருமையடித்துவிட்டாள். வாயை விட்டாயிற்று, இனி செடி வைக்க வேண்டுமே.

நாற்றுக்காரனைக் கூப்பிட்டாள். பல வருஷம் நிற்க வேண்டும், இலை உதிரக் கூடாது, மண் சிந்தக் கூடாது, அப்படியொரு மல்லிகை கொடு என்றாள்.

"அதுக்குச் செடி எதுக்கும்மா? சுவத்துல வரைஞ்சுக்கோங்க" என்றான் அவன்.

ஆனாலும் நல்ல நாற்றாகவே கொடுத்தான். பக்கத்து வீட்டுக் குஞ்சரத்துக்கும் அதே நாற்றுதான். மேட்டுப்பாத்தி சீக்கிரம் காயும், சருகு போட்டு மூடி வையுங்கள் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனான்.

குப்பையால் மூடுவதா? வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. செங்கல் கட்டி உயர்த்திய பாத்தியைப் பெருக்கினாள், சாணம் மெழுகினாள், கோலமும் போட்டாள். ஊற்றிய தண்ணீர் கோலத்தை நனைத்துவிட்டு வழிந்தோடியது. வேருக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை.

தன் தோட்டத்து வேப்பமரம் உதிர்த்த சருகை அள்ளி மதிலுக்கு அப்பால் குஞ்சரத்தின் பாத்தியில் கொட்டினாள். அந்தச் சோம்பேறிக்கு இது போதும் என்று நினைப்பு. குஞ்சரம் சோம்பேறிதான், பொய்யில்லை. ஆவணியில் கொட்டினாள், தையில் கொட்டினாள், பங்குனியில் கூடைகூடையாகக் கொட்டினாள். குஞ்சரம் அதைக் காலால் பரப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சித்திரை வந்தது. கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. வடிவாம்பாளின் செடி விளக்குமாற்றுக் குச்சியாக நின்றது. கோலம் மட்டும் அழகாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மல்லிகை பூத்துக் கொட்டியது.

சம்பந்தி வீட்டார் வாசலில் இறங்கிவிட்டார்கள். உன் சவடாலுக்கு நான் தலைகுனிய வேண்டுமா என்று மகள் அழுதாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள்? வடிவாம்பாள் பூக்குடலையோடு மதிலோரம் போய் நின்றாள். குடலையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

குஞ்சரம் கொட்டாவி விட்டபடியே குடலையை வாங்கி நிறையப் பறித்துப் போட்டாள்.

"எடுத்துக்கோங்க அக்கா. இதுக்கென்ன கூச்சம்? எல்லாம் நீங்க கொட்டுன குப்பைதானே."

மாலை மகள் கழுத்தில் ஏறியது. சம்பந்தியம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு, உங்கள் தோட்டத்துப் பூவா என்று கேட்டாள். வடிவாம்பாளால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கேட்டுக்கொண்டீர்களா? எது குப்பை என்று தெரியாதவர் கையில் துடைப்பம் இருந்தால், முதலில் வெளியே போவது அவர் வீட்டுச் செல்வம்தான்.