தேங்காய் நின்ற இடம்

சுண்ணாம்புக் காளவாய்த் தெருவின் கோடியில் ஒரு மடம் இருந்தது. தெரு முழுக்க நெருக்கமான வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். மடத்துக்குள் மட்டும் கொஞ்சம் காலி இடமும், அதன் நடுவே ஒரு தாமரைத் தொட்டியும் உண்டு.

மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுதான். சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மரக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இனிமேல் புண்ணியம் சேர்ப்பதே வேலை என்று வந்து சேர்ந்தவர். வியாபாரத்தில் இருந்த வேகம் புண்ணியத்திலும் இருந்தது.

மாசி மாதம் தாமரைத் தொட்டி வற்றியது. பொன்னுரங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. மடத்து போர்வெல்லைத் தன் செலவில் இன்னும் ஆழமாக்கினார். தண்ணீர் பீறிட்டு வந்தது. தாமரை பிழைத்துக்கொண்டது.

பங்குனியில் தெருக்காரர்கள் குடத்தோடு மடத்து வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். பொன்னுரங்கம் ஒருவரையும் வெறுங்குடத்தோடு அனுப்பவில்லை. வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுக் குழாய் வைத்தார். "நல்லா இருக்கணும் ஐயா" என்று பெண்கள் வாழ்த்தும்போது அவருக்குக் கண் கலங்கும். அது நடிப்பில்லை. மனிதர் உண்மையிலேயே நல்லவர்.

சித்திரையில் வரிசை தெருமுனையைத் தாண்டியது. மோட்டார் ஓயாமல் ஓடியும் போதவில்லை. இன்னொரு போர் போட்டுவிடுவது என்று பொன்னுரங்கம் முடிவு செய்தார். ஒரு நாள் காலையில் போர் லாரி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

பொன்னுரங்கம் ஒரு தேங்காயோடு சாமியிடம் போனார்.

"நீங்கதான் இடம் பார்த்துச் சொல்லணும், சாமி."

"எனக்கு நீரோட்டம் பார்க்கத் தெரியாதே, ஐயா."

"தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சுக்கிட்டு நடங்க. தண்ணி இருக்கிற இடம் வந்தா அதுவா எழுந்து நிக்கும். எங்கப்பா அப்படித்தான் பார்ப்பாரு."

"சரி."

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம், சாமி. தண்ணி தானத்துக்கு மேல ஒரு தானம் இருக்குதா?"

"தேங்காயைக் கொடுங்க" என்றார் சாமி.

உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு சாமி நடந்தார். தாமரைத் தொட்டியைச் சுற்றினார். காலி இடத்தைக் கடந்தார். எங்கேயும் நிற்காமல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். பொன்னுரங்கம் பின்னாலேயே ஓடினார்.

"சாமி, நம்ம எல்லை முடிஞ்சிடுச்சு!"

"தேங்காய்க்கு எல்லை தெரியலை போலிருக்கு."

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"சாமி எங்கடி போறாரு?"

"அவர் பாட்டுக்குப் போகட்டும். நீ வரிசையை விட்டுடாதே."

மடத்து மதிலை ஒட்டிய முதல் வீடு ஜெபமணியுடையது. அப்போதுதான் பந்தலில் பிடித்த குடத்தை அவள் இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். சாமி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். அங்கே ஒரு கிணறு இருந்தது. கிணற்றடியில் தேங்காய் எழுந்து நின்றது. சாமியின் கட்டைவிரல் அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தது.

"இங்கதான், ஐயா."

"என்ன சாமி இது? இங்க ஏற்கெனவே கிணறு இருக்குதே!"

"தண்ணி இருக்குதான்னு பாருங்க."

பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். அடியில் வெடித்துப்போன சேறு. அதில் ஒரு பிளாஸ்டிக் மக்கு கிடந்தது.

சாமி ஜெபமணியிடம் திரும்பினார். "இது எப்பம்மா வத்திச்சு?"

"இந்தப் பங்குனியிலதான் சாமி. எங்க மாமனார் வெட்டின கிணறு. எந்தக் கோடையிலயும் வத்தினதே இல்லை. தெருவே இங்கதான் இறைக்கும். மத்தியானம் ஆனா நான் கயித்தைக் கழட்டி மாட்டிடுவேன். வெயில் தாழுற வரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன். ஊறணுமில்ல? என்னைத் திட்டாத வாய் கிடையாது. ஆனா சாயங்காலம் எல்லாருக்கும் தண்ணி இருக்கும்."

சுவரில் ஆணியில் கயிறு தொங்கியது. பல கைகள் பட்டு வழவழப்பான கயிறு. நுனி காய்ந்து விறைத்திருந்தது.

"இந்த வருஷம் கர்த்தர் ஏனோ கண்ணை மூடிக்கிட்டாரு" என்றாள் ஜெபமணி. "ஏதோ ஐயா புண்ணியத்துல உசுரோட இருக்கோம்."

ஈரக் கைகளைக் கூப்பி அவள் பொன்னுரங்கத்தைக் கும்பிட்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மடத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் காதில் விழாத சத்தம் இப்போது பொன்னுரங்கத்துக்கு நன்றாகக் கேட்டது. அவள் கும்பிட்டதைப் பார்க்க உடம்பு கூசியது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் கெட்டது நினைக்கலையே, சாமி."

"தெரியும், ஐயா."

"ஒரு குடம்கூட விலைக்குக் கொடுக்கலை."

"அதுவும் தெரியும்."

லாரிக்காரர் கொல்லைப் பக்கம் தலையை நீட்டினார். "இடம் முடிவாச்சுங்களா? குழாயை இறக்கலாமா?"

பொன்னுரங்கம் அவரைக் கையமர்த்தினார். சாமியிடம் கெஞ்சுவதுபோல் கேட்டார்.

"இன்னொரு போர் போடலைன்னா இத்தனை சனமும் குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போய் நிக்கும், சாமி?"

சாமி தேங்காயை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"போன கோடையில எங்க நின்னாங்க, ஐயா?"