தவமணியின் சுத்தமான படம்

"மேடம், ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

தவமணி இதைக் கேட்டபோது மணி மூன்று. காலையிலிருந்து மூன்று தடவை அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டியாயிற்று. மூன்று தடவையும் "இன்னொரு வாட்டி பாருங்க சார்" என்று திரும்பி வந்துவிட்டது.

தவமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. தடய அறிவியல் ஆய்வகத்தில் இருபத்து நாலு வருஷம் துப்பாக்கிப் பிரிவில் இருந்தவர். போன மாதம்தான் போதைப்பொருள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வாய்த்தவர் பெனசிர். அவர் கையெழுத்து இல்லாமல் தவமணியின் ரிப்போர்ட் வெளியே போகாது. வயது முப்பத்து நாலு. பேச்சு கம்மி, சிரிப்பு மட்டும் தாராளம். அந்தச் சிரிப்புதான் தவமணிக்கு இன்னும் எரிச்சல்.

"தொண்ணூற்றாறு சதவீதம் பொருந்துதுன்னு மிஷினே சொல்லுது மேடம்."

"மிஷின் சொல்லட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"நானும் அதையேதான் சொல்றேன்!"

"அப்போ நீங்க எதுக்கு சார்?"

தவமணிக்கு மூக்கு விடைத்தது.

விஷயம் இதுதான். சின்ராசு என்று ஒரு போர்வெல் லாரி டிரைவர். அவர் வண்டியில் ஒரு தகர டப்பா, அதற்குள் அட்டை இல்லாத உதிரி மாத்திரை பன்னிரண்டு. "சளிக்கு வாங்கினதுங்க" என்று அவர் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், நாற்பத்தோரு நாளாக ஜெயிலில் இருக்கிறார். நாளைக் காலை கோர்ட். நாலு மணிக்கு ஏட்டு வந்து ரிப்போர்ட்டை வாங்கிப் போவார். சளி மாத்திரை என்றால் வீடு, போதை மாத்திரை என்றால் பல வருஷம்.

அந்தச் சளி மருந்தும் அந்தப் போதை மருந்தும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. எடை ஒன்று, அணுக்கள் அத்தனையும் ஒன்று, கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. பேரைக் கேட்காதீர்கள், சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

மாஸ் ஸ்பெக் என்கிற மிஷின் பொருளை உடைத்து, துண்டுகளை எடை போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோடு வரையும். நிறைய வந்த துண்டுக்கு உயரமான கோடு. பிறகு கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த பேர்களை வரிசையாக நீட்டும். முதல் பேர் போதை மருந்து, தொண்ணூற்றாறு. இரண்டாவது சளி மருந்து, தொண்ணூற்றைந்து.

தவமணி முதல் பேரை எழுதிவிட்டார்.

"படத்தையாவது பாருங்க மேடம். முதல்ல அடியில பூரா புல்லு முளைச்ச மாதிரி குட்டிக் குட்டிக் கோடு. கண்றாவி. அஞ்சு சதவீதத்துக்குக் கீழ இருக்கிற எதையும் காட்டாதேன்னு போட்டுட்டேன். இப்போ பாருங்க, எவ்வளவு சுத்தம்!"

"அடேயப்பா, ரொம்ப அழகு" என்றார் பெனசிர்.

சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தவமணியின் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் கண்ணாடி டப்பியில் ஒரு ஈயக் குண்டு. பழைய பிரிவில் பயிற்சிக்காகச் சுட்டது. தவமணி தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். பெனசிர் அதை வெளியே எடுத்தார். இழுப்பறையில் கிடந்த உப்புத்தாளை எடுத்தார்.

தேய்க்க ஆரம்பித்தார்.

"மேடம்! என்ன பண்றீங்க?"

"கீறல் கீறலா இருக்கே சார். கண்றாவி. சுத்தம் பண்றேன்."

"ஐயையோ, நிறுத்துங்க! அந்தக் கீறல்தானே மேடம் எல்லாம்! ஒரே கம்பெனி, ஒரே ரகம், ரெண்டு துப்பாக்கி இருந்தா, எதுல சுட்டதுன்னு அது ஒண்ணுதான் காட்டிக்கொடுக்கும். அதைப் போய் எந்த மடையனாவது தேய்ச்சு..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பெனசிர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

தவமணி கம்ப்யூட்டரிடம் ஓடினார். ஐந்தை அழித்துச் சைபர் போட்டார். அடியெல்லாம் மறுபடியும் புல் முளைத்தது. நடுவில் நகக்கணு உயரத்துக்கு ஒரு கோடு. காலையில் ஓட்டிவைத்திருந்த அசல் போதை மருந்தின் படத்தைத் திறந்தார். அந்த இடம் மொட்டை. அசல் சளி மருந்தைத் திறந்தார். அதே இடத்தில், அதே உயரத்தில், நின்றுகொண்டிருந்தது.

நம்பமுடியாமல் மாத்திரையை இன்னொரு தடவை மிஷினில் ஓட்டினார். கோடு அசையவில்லை.

"சளி மாத்திரைதான் மேடம்! அந்த மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கார்!"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. சிரிப்பும் வந்தது. ரிப்போர்ட்டைப் புதிதாக எழுதி நீட்டினார். பெனசிர் மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்கு மூன்று நிமிஷம் பாக்கி. ஏட்டின் பைக் வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தவமணி குண்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஒரு பக்கம் போயிடுச்சே மேடம்."

"அவருக்கு நாற்பத்தோரு நாள் போயிடுச்சு சார். ஓடுங்க!"