துரை போட்ட இரண்டு கற்கள்

ஒரு குளத்தில் தவளைகள் நிறைய இருந்தன, ஆமைகள் கொஞ்சம் இருந்தன. கடல் கடந்து வந்த கூழைக்கடா ஒன்று மதகின் மேல் உட்கார்ந்துகொண்டு, "இனி நான்தான் இந்தக் குளத்துக்குத் துரை!" என்றது. தினமும் மதகைத் திறந்துவிட்டது. தண்ணீர் வடிந்தால் மீன் பிடிப்பது சுலபம் அல்லவா?

குளம் வற்றிவிடுமே என்று எல்லாம் பயந்தன. துரை கரையில் ஒரு கல்லைப் போட்டது. "இதுதான் என் சபை. உங்கள் பிரதிநிதி இதில் உட்காரட்டும். அவர் சொல் கேட்கப்படும்!"

யாருக்குச் சத்தம் அதிகமோ அவருக்கே வெற்றி என்று முடிவாயிற்று. ஆமைகளுக்குக் கத்த வராது. சபாபதி என்ற தவளை ஜெயித்தது.

மீரான் என்ற ஆமைக்குப் பொறுக்கவில்லை. "கிழக்கே கீழ்க்கரைதான் முதலில் காய்கிறது. அங்கே இருப்பது நாங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாயா?"

"எல்லாருக்கும் சேர்த்துத்தானே பேசுறேன், காக்கா!" என்றது சபாபதி. (ஆமைகள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடும். காகம் என்று நினைத்துவிடாதீர்கள்.)

"உன் 'எல்லாரும்' மேல்கரையோட முடிஞ்சு போகுதே, தம்பி!"

மீரான் கேட்டது நியாயம்தான். ஆனால் துரைக்கு ஒரே குஷி. இன்னொரு கல்லைப் போட்டது. "இது ஆமைகளின் தனித்தொகுதி! ஆமைக்கு ஆமை மட்டும் ஓட்டுப் போடட்டும், தவளைக்குத் தவளை மட்டும். இவர் சொல்லும் கேட்கப்படும்!"

மீரான் கல்லில் ஏறியது. ஏறவே அரை நாள் ஆயிற்று.

"உங்க கல்லு எங்களதைவிட ரெண்டு விரல் உயரம்!" என்றது சபாபதி.

"உன் கல்லுதான் நிழல்ல இருக்கு!" என்றது மீரான்.

பங்குனி முழுக்க இதே பேச்சு. ஒருநாள் சபாபதியின் குஞ்சுகள் சேற்றில் துடித்தன. கீழ்க்கரையில் ஆமைகள் வெடித்த மண்ணில் தவித்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. சபாபதியும் மீரானும் தங்கள் கற்களில் இருந்தபடியே துரையிடம் முறையிட்டன.

"மதகை மூடுங்க, துரை!"

"கேட்டேன்" என்றது துரை, மீனை விழுங்கியபடி.

"இன்னும் திறந்திருக்கே!"

"கேட்கப்படும் என்றேன், கேட்டேன். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. மூடுவேன் என்று எப்போது சொன்னேன்?" சொல்லிவிட்டு அடுத்த மீனைத் தேடி அக்கரைக்குப் பறந்தது.

"சொல் கேட்கிறதுன்னா சொன்னபடி செய்யறதுன்னு நினைச்சோமே, காக்கா!"

மீரான் தன் கல்லைப் பார்த்தது. மதகின் ஓட்டையைப் பார்த்தது. "தம்பி, கல்லை விட்டு இறங்கு!"

"ஏன்? நீங்க மட்டும் உயரத்துல..."

"அட, நானும் இறங்குறேன்பா! ரெண்டு கல்லும் சேர்ந்தா அந்த ஓட்டை அடைபடும்!"

ஆமைகள் முட்டித் தள்ளின. தவளைகள் இடுக்கெல்லாம் களிமண் அப்பின. மதகு அசைக்க முடியாதபடி இறுக அடைபட்டது.

துரை திரும்பி வந்து அலறியது. "என் சபை எங்கே?"

"மதகுக்குள்ள உட்கார்ந்திருக்கு, துரை!"

கோடை மழையில் தண்ணீர் ஏறியது. மீன்கள் ஆழத்துக்குப் போயின. துரை பசியோடு பறந்துபோனது. அடுத்த கூட்டம் வெறுந்தரையில் நடந்தது. சபாபதி எழுந்து, "முதல்ல கீழ்க்கரை பேசட்டும்!" என்றது.

பேச இடம் கேட்பது நியாயமே. ஆனால் இடம் கிடைத்ததும், மதகு யார் கையில் இருக்கிறது என்று பார்க்க மறக்கக் கூடாது.